தறி நின்ற பிறகு கேட்ட சத்தம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் அந்தத் தெருவில் சத்தமில்லாத நேரமே கிடையாது. விடியுமுன்பே தெருவில் பாவை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுகிறவர்களின் குரல்கள் தொடங்கிவிடும். வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வீடு தறிக்குழியில் ஆள் இறங்கியாயிற்று. நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும் சத்தம், பலகை இடிக்கும் சத்தம், மிதிகட்டை ஏறி இறங்கும் சத்தம், திண்ணையில் பெண்கள் தார் சுற்றும் ராட்டையின் சத்தம், பின்கட்டில் ஆட்டுக்கல் சத்தம். முகூர்த்த மாதம் நெருங்கினால் ராத்திரி பத்து, பதினொன்று வரைக்கும் ஏதாவது ஒரு வீட்டில் தறி ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு நடுவில்தான் குழந்தைகள் தூங்கினார்கள், கிழவர்கள் தூங்கினார்கள், புதுப்பெண்ணாக நானும் தூங்கினேன்.

இன்று அதே தெருவில் பத்து மணிக்கு மேல் ஒரு மோட்டார் சைக்கிள் போனால் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம். அவ்வளவு அமைதி. அந்த அமைதியில் என் கணவர் தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது.

எங்கள் கல்யாணம் 1979இல், வைகாசியில் நடந்தது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அந்த வருஷம் என்றால் உடனே அத்திவரதர்தான் நினைவுக்கு வருவார். வரதராஜப் பெருமாள் கோயிலில் அனந்தசரஸ் குளத்துக்கு அடியில் கிடக்கும் அத்திமரப் பெருமாளை நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே எழுந்தருளச் செய்வார்கள். 1939க்குப் பிறகு 1979. ஆடிக்குத் தாய்வீட்டுக்கு ஆரணிக்கு அழைத்துப் போன என்னை, ‘இதை விட்டால் இன்னும் நாற்பது வருஷம்’ என்று சொல்லி, ஆடியென்றும் பார்க்காமல் அப்பாவே திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தார். புருஷன் வீட்டில் கால் வைக்க இடமில்லை. எங்கெங்கிருந்தோ உறவுக்காரர்கள். பெண்கள் எல்லோரும் உள்கூடத்தில் தறியைச் சுற்றி வரிசையாகப் பாய் போட்டுப் படுத்தோம். ஆண்கள் திண்ணையிலும் தெருவிலும்.

மறுநாள் காலையில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்த பெரிய மாமனார் என்னைப் பார்த்துக் கூட்டத்தின் நடுவிலேயே சொன்னார்: “ஏம்மா பொண்ணு, உன் வீட்டுக்காரன் ராவெல்லாம் பல்லை நறநறன்னு கடிக்கிறானே, தெரியுமா உனக்கு? பக்கத்துல படுத்த எனக்கு ஏதோ எலி பலகையைக் கொறிக்குதுன்னு ஆயிடுச்சு.”

எனக்கு முகம் சிவந்துவிட்டது. என் கணவர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு வீடே அதைப் பற்றிப் பேசியது. ஒருத்தர் விடாமல் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வயிற்றில் பூச்சி, வேறொன்றும் இல்லை என்றார் என் மாமியார். பல்லைக் கடித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றாள் ஒரு சின்ன மாமியார். பகலில் யாரையும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாத ஆள் ராத்திரியில் தீர்த்துக்கொள்கிறான் என்றார் இன்னொருவர். வேப்பங்கொழுந்தும் ஓமமும் அரைத்து மூன்று நாள் வெறும் வயிற்றில் கொடுப்பது என்று முடிவாயிற்று. மருந்தை உருட்டிக் கொடுத்தது நான்தான். அவரும் முகம் சுளிக்காமல் விழுங்கினார். அடுத்து வந்த ராத்திரிகளிலும் கடித்தார்.

அந்தப் பூச்சிக் கதை வெகுகாலம் என்னை விடவில்லை, ஏனென்றால் நான் அறிவியல் வாத்தியாரம்மா. வேலைக்குப் போன பிறகு ஊர்ப் பள்ளிக்கூடங்களில் எத்தனையோ தாய்மார்கள் என்னிடம் வந்து, “டீச்சர், பையன் தூக்கத்துல பல்லு கடிக்கிறான், பூச்சி மாத்திரை எப்பத் தருவீங்க?” என்று கேட்டிருக்கிறார்கள். 2015இல் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று பிப்ரவரியில் தொடங்கியபோது, அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரையை வரிசையாக நின்ற பிள்ளைகளின் கையில் கொடுத்து, என் கண் முன்னாலேயே மெல்லச் சொன்னேன். அது தேவையான மாத்திரை. புழு ரத்தத்தைக் குடித்துச் சோகையான பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பல் கடிப்புக்கும் குடற்புழுவுக்கும் உறுதியான தொடர்பு இருப்பதாக மருத்துவம் காட்டவில்லை. சின்னப் பிள்ளைகள் நிறையப் பேர் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார்கள், பெரும்பாலானவர்களுக்கு வளர வளர அது தானாகவே போய்விடுகிறது. மாத்திரை போட்ட பிறகு போனதால் மாத்திரைக்குப் பேர் வந்தது. தாய்மார்களிடம் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவார்கள். மீதிப் பேர், என் மாமியாரைப் போலவே, “பூச்சிதான் டீச்சர்” என்று போவார்கள்.

என் கணவருக்கு வளர வளரப் போகவில்லை.

அவர் ஏழு வயதிலிருந்து தறியில் இருந்தவர். எங்கள் ஊர்ப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வருவதைக் கோர்வை என்போம். அதை நெய்ய ஒரு ஆள் போதாது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா. நெய்கிறவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கி விடவேண்டும். அந்த இன்னொருவராக அந்தக் காலத்தில் அநேகமாக ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருப்பான். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகும் பல வருஷம் என் வகுப்பில் வருகைப் பதிவேட்டில் விடுபட்ட பெயர்கள் எல்லாம் ஏதோ ஒரு தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெயர்கள்தான். என் கணவர் அப்படி அவர் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவர். கரையும் உடலும் சேரும் இடத்தில் ஒரு இழை தப்பினால் அது புடவை முழுக்கத் தெரியும். அந்த இடம் வரும்போதெல்லாம் அவர் தாடை இறுகும். வாயில் வெற்றிலை இருந்தாலும் மெல்லுவது நின்றுவிடும். காதுக்குக் கீழே ஒரு சதைக் கட்டி எழும்பி எழும்பி அடங்கும். நான் தார் சுற்றியபடி அதைப் பார்த்திருக்கிறேன், அது உழைப்பின் அடையாளம் என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது. ஜரிகை நுனியையும் பட்டு நுனியையும் முன்பல்லால் கடித்து அறுப்பார். கத்தரி எட்டாத நேரத்துக்குப் பல்தான்.

பகலில் பல்லை இறுக்குவது ஒன்று, தூக்கத்தில் கடிப்பது வேறு என்று இப்போது மருத்துவர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம், ஒன்று இருந்து மற்றொன்று இல்லாமலும் இருக்கலாம். அவருக்கு இரண்டும் இருந்தன.

ஐப்பசி, கார்த்திகை மழைதான் எங்களுக்குக் கெட்ட காலம். தறிக்குழியில் ஈரம் ஊறும், சில வருஷம் தண்ணீரே ஏறும். நெசவு நின்றால் கூலி நின்றது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் மட்டும் நிற்காமல் வளரும். அந்த மாதங்களில் ராத்திரி சத்தம் அதிகமாக இருக்கும். காலையில் எழுந்ததும் இரண்டு பொட்டிலும் கையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மழை, ஈரம், சளி என்று சொல்லிச் சுக்கை உரசிப் பற்றுப் போடுவேன். அந்த எரிச்சலில் வலி கொஞ்சம் மறக்கும். வலித்தது பொட்டில் இருக்கும் மெல்லும் தசை. ராத்திரியெல்லாம் வேலை செய்த களைப்பு அது. இதை ஒரு பல் மருத்துவர் என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து, அவரைப் பல்லைக் கடிக்கச் சொல்லி, தசை எழும்புவதைத் தொட்டுக் காட்டியபோது எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம் கடந்திருந்தது.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அதே பத்தாண்டில் எங்கள் தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஜரிகை விலை ஏறியது, விசைத்தறிப் புடவை கைத்தறி என்று பெயர் சொல்லிக்கொண்டு கடைக்கு வந்தது, கூலி ஏறவில்லை. பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. எங்கள் மகனும் போனான். அவன் சம்பாத்தியத்தில் வீட்டை இடித்துக் கட்டியபோது தறி இருந்த கூடம் படுக்கையறையாகிவிட்டது. குழியை மண் போட்டு நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டினார்கள். என் கணவர் கொத்தனாருக்குப் பக்கத்திலேயே நின்று, மண் சரியாகக் குத்தப்படுகிறதா என்று பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கட்டில் போட வேறு வாட்டமான இடமில்லாததால் அந்தக் குழிக்கு மேலேயே கட்டில் வந்தது.

புதுப்பெண்ணாக இருந்தபோது எனக்கென்று ஒரு அறை, மூடிக்கொள்ள ஒரு கதவு, இவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. அன்று அது கிடைக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கழித்துக் கிடைத்தது. கதவை மூடிய முதல் ராத்திரியே அந்தச் சத்தம் எனக்கு மட்டும் என்று ஆயிற்று. அதற்கு முன்னால் அது தெருவின் சத்தங்களில் ஒன்று. மாமனார் கேட்டார், நாத்தனார் கேட்டாள், எதிர்வீட்டில் திண்ணையில் படுத்தவர் கேட்டார். கேட்டவர்கள் காலையில் அவரிடமே சொன்னார்கள், அவர் சிரித்தார். இப்போது கேட்பவள் நான் ஒருத்தி. கடிப்பவருக்கோ தெரியவே தெரியாது.

இதைத்தான் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். பல்வலி வந்தவன் தானே போய் மருத்துவரிடம் சொல்வான். காய்ச்சல்காரன் சொல்வான். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய உடம்பில் நடந்ததற்கு அவன் மனைவிதான் சாட்சி, கடிப்பது பெண்ணென்றால் அவள் புருஷன்தான் சாட்சி. பலநாட்டு வல்லுநர்கள் கூடி இதற்கு வகுத்திருக்கும் இலக்கணத்திலும் முதல் படி, ஆளோ பக்கத்தில் படுத்தவரோ சொல்லும் வாக்குமூலம்தான். அதற்கடுத்தது பல்லிலும் தாடையிலும் தெரியும் அடையாளம். தூக்க ஆய்வகத்தில் படுக்கவைத்துக் கம்பி ஒட்டி அளப்பது கடைசிப் படி. அந்த முதல் படியில் நிற்க வேண்டிய ஆள் வெட்கத்திலோ இரக்கத்திலோ வாயை மூடிக்கொண்டால் மற்றது எதுவும் நடக்காது.

2019இல் அத்திவரதர் மறுபடி வந்தார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள். ஜூலை முழுக்கச் சயனக்கோலம், பிறகு நின்ற கோலம். ஒரு கோடிப் பேர் வந்தார்கள் என்று சொன்னார்கள். ஊரே நடக்கமுடியாமல் திணறியது. எங்கள் வீட்டிலும் மறுபடி உறவுக்காரர்கள். மொட்டைமாடியில் எல்லோருக்கும் பாய் விரித்தேன். 1979இல் திண்ணையில் படுத்தவர்களில் இரண்டு மூன்று பேர் கிழவர்களாக வந்திருந்தார்கள். “வாப்பா, பழையபடி எல்லாரும் ஒண்ணா படுப்போம்” என்று அவர்கள் கூப்பிட்டபோது என் கணவர், “இல்ல, எனக்குக் காத்து ஒத்துக்காது, நான் உள்ளயே படுத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். காற்று ஒத்துக்கொள்ளாது என்று அவர் வாழ்நாளில் அதற்கு முன் சொன்னதில்லை. இருபத்து மூன்று வயதில் ஊர் கூடி அவரைப் பற்றிப் பேசியபோது சிரித்தவர், அறுபத்து மூன்று வயதில் அதே ஆட்களிடமிருந்து ஒளிந்துகொண்டார். மனிதர் மாறவில்லை, பல் கடிப்பதும் மாறவில்லை. நாலு பேர் நடுவில் தூங்குவது அன்று சாதாரணம். இன்று தூக்கம் ஒருவருடைய அந்தரங்கமாகிவிட்டதால், தூக்கத்தில் நடப்பதும் மறைக்கவேண்டிய ஒன்றாகிவிட்டது. எனக்கு அது மிகவும் மனவருத்தமாக இருந்தது.

அடுத்த வருஷம் மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. கல்யாணங்கள் நின்றன, நெய்த புடவைகள் மடித்தபடி கிடந்தன, இன்னும் தறி வைத்திருந்த மச்சினர் வீட்டில் நூல் வரத்து இல்லை. மகனுக்கு வேலை இருக்குமா இல்லையா என்று தெரியாத மாதங்கள். ஒருநாள் மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையில் எதையோ துப்பிப் பார்த்தார். கடைவாய்ப்பல்லில் பாதி. கல்லில்லை, எலும்பில்லை, குழைந்த தயிர்சாதத்தில் பல் உடைந்தது. அதற்கு முன்பே முறுக்கு, தட்டை எல்லாம் விட்டுவிட்டிருந்தார். பானைத் தண்ணீர் பட்டாலே பல் கூசுகிறது என்பார். கோயில் இட்லி வாங்கி வந்தால் அதிலுள்ள முழுமிளகைப் பொறுக்கி ஓரமாக வைப்பார். வயசாகிறது என்று நினைத்தோம்.

உலகம் முழுவதும் அந்தச் சமயத்தில் இப்படி நடந்திருக்கிறது என்று பிறகு படித்தேன். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2021 தொடக்கத்தில் தன் மருத்துவர்களைக் கேட்டபோது, பத்தில் ஏழு பேருக்கு மேல், பல்லைக் கடித்தும் இறுக்கியும் வருகிறவர்கள் கூடியிருப்பதாகச் சொன்னார்கள். பிள்ளையார்பாளையத்தில் ஒரு கிழவர் தயிர்சாதத்தில் பல் உடைத்ததும் அந்தக் கணக்கோடு சேர்ந்ததுதான்.

பல் மருத்துவர் இளம்பெண். வாயைத் திறந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டது: “ஐயா, ராத்திரி பல்லு கடிப்பீங்களா?”

“இல்லம்மா. சின்ன வயசுல இருந்துச்சு.”

நான் பேசுவதற்கு முன்னால் என் மருமகள் கைபேசியை எடுத்தாள். அதற்கு முந்தின வாரம், “அத்தை, மாமா ரூம்லேருந்து ஏதோ சத்தம் வருது” என்று பயந்து வந்தவள் அவள். கதவுக்கு வெளியே நின்று அதைப் பதிவு செய்து வைத்திருந்தாள். தன் பல் கடிக்கும் சத்தத்தை என் கணவர் தன் வாழ்நாளில் முதல்தடவையாகக் கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “இத்தனை வருஷமா இதைக் கேட்டுக்கிட்டா படுத்திருந்தே?” என்றார்.

அந்தப் பெண் பொறுமையாக எங்களுக்குச் சொன்னவற்றை, வாத்தியாராக இருந்த பழக்கத்தில் வீட்டுக்கு வந்து படித்தும் சரிபார்த்துக்கொண்டேன். இது பெரும்பாலும் ஆழமில்லாத தூக்கத்தில் வருகிறது. முதலில் மூளை ஒரு நொடி லேசாக விழிக்கிறது. இதயம் வேகம் எடுக்கிறது. அதற்குப் பிறகுதான் தாடைத் தசைகள் நொடிக்கு ஒரு தடவை என்ற தாளத்தில் இறுகுகின்றன. ஒவ்வொரு தடவையும் சில நொடிகளே நீடிக்கும். ஒரு மணி நேரத்தில் பல தடவை வரும். கனவு காணும் கட்டத்தில் இது குறைவு. ஆகவே கனவில் யாரையோ திட்டிக் கடிக்கிறான் என்று பெரியவர்கள் சொன்னது பொருந்தாது. ஆனால் கவலை இதைக் கூட்டும், அந்த அளவுக்கு அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. சாயங்காலத்துக்கு மேல் காபி, குடி, புகை, மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் ஆகியவையும் கூட்டும். ஒரே குடும்பத்தில் பலருக்கு வருவதும் உண்டு. மான்ட்ரியலில் லவீன் என்பவரும் மான்ப்ளெஸீர் என்பவரும் கனடா மக்களிடம் விசாரித்து 1994இல் வெளியிட்ட கணக்கில், பெரியவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இது இருந்தது. இளைஞர்களிடம் 13, அறுபது தாண்டியவர்களிடம் 3. வயதானால் குறையும் என்ற அந்தக் கணக்கில் சேராமல் சிலர் மிஞ்சுகிறார்கள்.

எல்லோருக்கும் இது நோய் இல்லை. வேறு தொந்தரவு இல்லாதவரிடம் இதை ஒரு நோயாக எண்ணத் தேவையில்லை என்று 2018இல் வல்லுநர்கள் ஒருமித்துச் சொல்லியிருக்கிறார்கள். பல் தேயாமல், தலை வலிக்காமல், தூக்கம் கெடாமல் இருப்பவரை மருத்துவம் என்ற பேரில் அலைக்கழிக்க வேண்டாம். என் கணவருக்கு எனாமல் தேய்ந்து உள்ளே இருக்கும் மஞ்சள் தெரிந்தது. உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருள் அந்த எனாமல். போனால் மறுபடி வளராது.

குறட்டை உண்டா, மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கேட்டார் மருத்துவர். இரண்டும் உண்டு. இதற்குப் பதில் சொன்னது நான்தான். அவரைத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினார். சிலரிடம் பல் கடிப்பும் மூச்சுத் தடையும் சேர்ந்து வரும் என்றும், மூச்சுத் தடைதான் இரண்டில் ஆபத்தானது என்றும் சொன்னார். நான் கடிக்கும் சத்தத்தையே கேட்டுக் கேட்டுப் பழகியதில், சத்தம் இல்லாத இடைவெளிகளில் அவர் மூச்சும் இல்லாதிருந்ததை நினைத்து அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பல்லுக்கு அச்சு எடுத்து, ராத்திரி மேல்வரிசையில் மாட்டிக்கொள்ள ஒரு அக்ரிலிக் உறை செய்து கொடுத்தார்கள். நைட் கார்டு என்கிறார்கள். “கன்னுக்குட்டிக்கு வாய்க்கூடை போடற மாதிரி இருக்கு” என்று முதல் வாரம் கழற்றிக் கழற்றி வைத்தார். எச்சில் ஊறியது, தாடை வேறுமாதிரி வலித்தது. திரும்பப் போய் ஓரத்தைத் தேய்த்துச் சரி செய்துகொண்டு வந்தபின் பழகிவிட்டது. காலையில் பிரஷ் போட்டுப் பச்சைத் தண்ணீரில் கழுவி டப்பாவில் வைக்கவேண்டும், வெந்நீர் பட்டால் நெளிந்துபோகும். கடையில் ஆயத்தமாக விற்பதை வாங்கிப் போட்டுப் பார்க்காதீர்கள் என்று அந்தப் பெண் கண்டிப்பாகச் சொன்னார். சரியாகப் பொருந்தாத உறை தாடையை இன்னும் கெடுக்குமாம். உறை கடிப்பதை நிறுத்தவில்லை. கடித்தால் உறை தேயும், பல் தேயாது, அவ்வளவுதான் அதன் வேலை. நறநறப்புப் போய், ஏதோ நெரிபடுவது போல மந்தமான ஒரு சத்தம் வருகிறது. அதற்கும் நான் விழித்துக்கொள்கிறேன்.

கன்னத்தில் உள்ளங்கையை வைத்தால் நின்றுவிடும், இது எனக்குக் கல்யாணமான புதிதிலிருந்தே தெரியும். சில நொடிகளில் அது தானாகவே நின்றுவிடும் என்பதால் என் கை பட்டு நின்றதா என்பது சந்தேகம்தான். நான் கையை வைப்பதை விடவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, என் மகள் வயது, தன் புருஷன் பல் கடிக்கும் சத்தம் தாங்காமல் கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறாள். அதை அவள் மாமியார் சண்டை என்று நினைத்துப் பெரிதாக்கிவிட்டாள். என்னிடம் வந்து அழுதாள். எனக்குத் தெரிந்து படுக்கை மாறுவதைப் பற்றி வெட்கப்படத் தேவையில்லாத ஊர் ஒன்று உண்டென்றால் அது எங்கள் ஊர்தான் என்று அவளிடம் சொன்னேன். திருவெஃகாவில் சொன்னவண்ணம் செய்த பெருமாள் இருக்கிறாரே, அவர் தம் அடியாரான கணிகண்ணனை அரசன் ஊரைவிட்டு விரட்டியபோது, குருவான திருமழிசையாழ்வார் சொன்ன சொல்லுக்காகப் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே நடந்தவர். ஒரு ராத்திரி ஓரிக்கையில் தங்கினார்கள். அரசன் மன்னிப்புக் கேட்டதும் திரும்பிவந்து, எழுந்து போனதற்கு அடையாளமாகத் திசை மாறிப் படுத்தார். அன்பு இருந்ததால் அவர் பாயைச் சுருட்டினார். தூங்காமல் பகலெல்லாம் எரிந்து விழுவதைவிட ஒரு பெண் தள்ளிப் படுத்து நிம்மதியாகத் தூங்குவது நல்லது. ஆனால் ஒன்று மட்டும் அவளிடம் கண்டிப்பாகக் கேட்டுக்கொண்டேன். கூடத்துக்குப் போவதற்கு முன்னால், கேட்டதையெல்லாம் அவனிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடு. எத்தனை நாளாக, எந்த நேரத்தில், குறட்டை சேர்ந்து வருகிறதா, காலையில் தலைவலி என்கிறானா. நீ தள்ளிப் படுத்துவிட்டால் அவனுக்கு இதைக் கேட்டுச் சொல்ல வேறு யாரும் இல்லை. திண்ணையில் பெரிய மாமனார் இல்லை.

இப்போது என் மகனும் கடிக்கிறான். அவனுக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட். ராத்திரி வேலை முடிந்து காலையில் வந்து படுத்தால் மத்தியானம் கூடத்தில் கேட்கும், அவன் அப்பா கடிப்பதைப் போலவே. அவன் தறியில் உட்கார்ந்ததில்லை, நூலைப் பல்லால் கடித்ததில்லை, வெற்றிலை போட்டதில்லை. முன்பல்லின் விளிம்பு மட்டும் கண்ணாடித்துண்டு போல நேராகிக்கொண்டு வருகிறது. எனக்குத் தெரிகிறது, ஏனென்றால் எங்கே பார்க்கவேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

போன வாரம் மருமகள் கேட்டாள்: “அத்தை, இவருக்கும் மருத்துவர்கிட்ட நேரம் வாங்கட்டுமா? கேட்டா, நான் எங்க கடிக்கிறேன்னு சொல்றாரு.”

“அவன் அப்படித்தான் சொல்லுவான், அவனுக்கு எப்படித் தெரியும்?” என்றேன். “வாங்கு. நீயும் கூடவே உள்ள போ. அவனைக் கேக்கற கேள்விக்கெல்லாம் நீ பதில் சொல்லு.”

செவ்வாய்க்கிழமை, அவனுக்குப் பகல் ஓய்வு. அன்றைக்கு நேரம் வாங்கியிருக்கிறாள்.